எண்ணிக்கை நாள்

அக்டோபரின் முதல் புதன்கிழமை.
சர்க்கரைக் கிழங்கு ஏற்றிய லாரிகள்
சாகினா நகரத் தெருவெல்லாம் மண் உதிர்த்துப் போகின்றன.
இன்று எங்கள் மாநிலம் பிள்ளைகளை எண்ணுகிறது,
தலைக்கு இத்தனை டாலர் என்று.

மற்ற வருஷங்களில் இந்த நாளில் பீட்சா வாங்குவோம்.
காய்ச்சல்காரப் பையனைக்கூட அம்மாக்கள் இழுத்து வந்து
பேர் கூப்பிடும்வரை உட்காரவைத்துக் கூட்டிப் போவார்கள்.
இந்த வருஷம் காய்ச்சல் என்ற சொல்லை
அலுவலகத்தில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

நான் வெர்னா கோஸ்லோவ்ஸ்கி, பள்ளியின் எழுத்தர்.
பிளாஸ்டிக் தடுப்புக்குப் பின்னால் நான்,
ஒரு தொலைபேசி,
ஜூனில் இருந்து செப்டம்பரில் இல்லாமல் போன
நாற்பத்தொரு பெயர்கள்.

முதல் எண் உபயோகத்தில் இல்லை.
இரண்டாவதில் நாய் குரைத்தது, பிறகு ஒரு ஆள்:
"அவங்க காலி பண்ணிட்டாங்க. இண்டியானாவுக்குன்னு நினைக்கிறேன்.
சோபாவை விட்டுட்டுப் போயிட்டாங்க, உங்களுக்கு வேணுமா?"

அனலீ த்ரெவினோவின் அம்மா கிசுகிசுத்தாள்.
இரவு ஷிப்ட் முடித்து அப்போதுதான் படுத்திருக்கிறாள்.
ஐந்து வயதுக்காரியை லேப்டாப் முன்னால்
ஆறு மணி நேரம் யார் பிடித்து வைப்பது?
"மழலை வகுப்புதானே, அடுத்த வருஷம் போகட்டும்."
அந்த வகுப்பில் பை மாட்ட இருபத்திரண்டு கொக்கிகள்.
பெயர் ஒட்டியவை ஒன்பது.
மிச்சக் கொக்கிகளில் டீச்சர்
காகித இலைகளை மாட்டியிருக்கிறாள்.

ரோனன் வாவ்ஷினியாக், எட்டாம் வகுப்பு. அவனே எடுத்தான்.
பின்னால் ஏதோ எந்திரத்தின் இரைச்சல்.
"உனக்குப் பதினாலு வயசுடா" என்றேன்.
"பதினாலரை" என்றான்.

மணிக்கு ஒரு தரம் தலைமை ஆசிரியை வந்து நிற்கிறாள்.
எவ்வளவு என்று கேட்பதில்லை. என் பென்சிலைப் பார்க்கிறாள்.
"இன்னும் ஆறு பேர் கிடைச்சா
இசை வாத்தியாரைக் காப்பாத்திடலாம், வெர்னா."
ஆறு பேர். ஏதோ வண்டியில் இடம் இருக்கிற மாதிரி.
இசை வாத்தியார் லீலண்ட் மோஸ் அந்த நேரத்தில்
ஜிம்மின் நடுவில் ஒற்றை நாற்காலி போட்டு
திரையில் பதினொரு சதுரங்களுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.
ஒவ்வொரு சதுரமும் அவரவர் வீட்டுத் தாமதத்தோடு
ஒரே பாட்டைப் பதினொரு பாட்டாக வாசித்தது.
அவர் நிறுத்தவில்லை.

இருபத்தொன்பதாவது பெயரை நான் டயல் செய்யவில்லை.
ஜோஸி கோஸ்லோவ்ஸ்கி, ஐந்தாம் வகுப்பு.

ஆற்றங்கரை லூத்தரன் பள்ளி ஆகஸ்டிலேயே கதவைத் திறந்தது.
நிஜ மேசை, நிஜ மணி, ஆறடி இடைவெளி.
காரை விற்றேன். இப்போது பஸ்ஸில் வருகிறேன்.
யாரிடமும் சொல்லவில்லை; பழுது என்றேன்.
வசந்தத்தில் ஒரு நாள் அவள் முகம்
அழுகைக்கு நடுவே திரையில் உறைந்து நின்றது.
அடுத்த அறையில் அவள் நிஜமாக அழுதுகொண்டிருந்தாள்.
நான் அப்போது இங்கிருந்து கொண்டுபோன பட்டியலை வைத்து
வேறொரு தாயிடம், "பொறுத்துக்குங்க,
பொதுப்பள்ளியை விட்டுடாதீங்க" என்று
தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காரணக் குறியீடுகள் மொத்தம் ஐந்து.
இடமாற்றம். வீட்டுக்கல்வி. தனியார். மரணம். தெரியவில்லை.
"தெரியவில்லை"யின் மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது.
மூன்றை அழுத்தினேன்.

மூன்றரை மணிக்கு மோஸ் ஸ்டேப்லர் கேட்டு வந்தார்.
முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்.
திரும்பிப் போகும்போது, கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:
"ஜோஸியின் கிளாரினெட் என் அலமாரியிலதான் இருக்கு.
புது ரீடு போட்டு வச்சிருக்கேன்.
எங்க படிச்சா என்ன, வாசிக்கட்டும்."
எத்தனை நாளாக அவருக்குத் தெரியும்
என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான்கு மணிக்கு எண்ணை அனுப்பினேன்.
நிச்சயமா என்று கணினி கேட்டது.
ஆமாம் என்றேன்.
உங்கள் பொறுமைக்கு நன்றி என்றது.

பஸ் நிறுத்தத்தில் கிளாரினெட் பெட்டி மடியில் கனத்தது.
திருப்பத்தில் லாரி ஒன்று குலுங்கி
நான்கைந்து கிழங்குகளைச் சாலையில் உதிர்த்துப் போனது.
ஓட்டுநர் நிறுத்தவில்லை. அவனிடம் நிறைய இருந்தது.
என் பஸ் வர இன்னும் இருபது நிமிஷம்.